கள்ளுக்கடைப் பக்கம் பிடித்த குடை

வெயில் மேற்கே இருக்கும்போது கிழக்குப் பக்கமாகக் குடை பிடித்துக்கொண்டு நடக்கும் ஒருவனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆம்பூரில் பாலாற்றங்கரைத் தெருக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த முட்டாள் நான்தான். ஒருநாள் கூத்தல்ல அது, பங்குனியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரைக்கும் நடந்தது. முகத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், நிழல் வேண்டாத பக்கத்தில் குடை விரிந்திருக்கும். தராசுக்காரனுக்கு மண்டைக்குள் படிக்கல் கழன்றுவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதில் பெரிய தப்பொன்றும் இல்லை. கழன்றது அந்தப் பங்குனியில் அல்ல, அதற்கு வெகுகாலம் முந்தி என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

தராசுக்காரன் என்றது என் வேலையை வைத்து. ஒரு சாயபுவின் தோல் கிடங்கில் எனக்கு ஆவாரம்பட்டை நிறுக்கிற உத்தியோகம். மலையிலிருந்து வண்டி வண்டியாகப் பட்டை வரும். நான் நிறுத்துப் போட, பெண்கள் அதை இடித்துத் தூளாக்குவார்கள். அந்தத் தூளில் ஊறினால்தான் தோல் பதமாகும். சுண்ணாம்புக் குழியும் பச்சைத் தோலும் சேர்ந்து, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷமே என் மூக்கை அடக்கம் செய்துவிட்டன. மல்லிகைக்கும் செத்த எலிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. குழம்பு அடிப்பிடித்தாலும் கண்டுபிடிக்காத புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று என் மனைவி பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். இந்த மூக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது ஒரு காரியம் செய்யப்போகிறது.

பட்டை இடிக்கிற கொட்டகையில் ஓர் அக்கா இருந்தாள். சொந்த அக்கா இல்லை, எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவள். உலக்கை போடுவதற்கு அவள் பாட்டெடுத்தால் மற்றவர்கள் கை தானாக எழும்பும். பாட்டுக்கு நடுவிலேயே என்னையும் திட்டி ஓர் அடி சேர்த்துவிடுவாள், தாளம் தப்பாது. அவள் புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. வீட்டில் அவளும் மாமியாரும்தான்.

நாளெல்லாம் உலக்கை போட்டுவிட்டுப் போகிறவர்கள் தெரு முடுக்கில் இருந்த கள்ளுக்கடையில் ஒரு மொந்தை குடிப்பதை அந்தக் காலத்தில் யாரும் குற்றமாக நினைக்கவில்லை. தோள்வலி போகும், தூக்கம் வரும். மற்றவர்களுக்கு ஒரு மொந்தையோடு முடிந்தது. அக்காவுக்கு முடியவில்லை. சாயங்காலம் ஆனால் கை நடுங்கும், குடித்தால்தான் நிற்கும். முதல் பிள்ளை கண் திறக்காமலே போயிற்று. இரண்டாவது வயிற்றில் வந்ததும் அவளே வேலூருக்குப் போய் அங்கிருந்த டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். டாக்டரம்மாவும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். குடி நின்றால் பிள்ளை நிற்கும். ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, உடம்பு உதறும்; கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். உதறினால் உடனே வண்டி பிடித்து வரவேண்டும். கூட இருப்பவர்கள் ஏசக்கூடாது, தனியாக விடக்கூடாது.

மறுநாள் கொட்டகையில் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு அக்கா இதையெல்லாம் சொன்னாள். கடைசியில், "இந்தப் புள்ள எனக்கு வேணும்டி" என்றாள். பெண்கள் உலக்கையை வைத்துவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தினமும் கள்ளைக் கொட்டாங்கச்சியில் அளந்து, வரவரக் குறைத்துக் கொடுப்பது. நிறுத்தின பிறகு, கை நடுங்குகிற வேளைக்குச் சாயபு வீட்டிலிருந்து ஆட்டுக்கால் பாயா. அது பீபியம்மாவின் பொறுப்பு. பீபியம்மா முதலாளியின் மனைவி. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரலும் அந்தப் பாயாவும்தான் எனக்குப் பழக்கம்.

மிச்சம் இருந்தது கள்ளுக்கடையைத் தாண்டுகிற வேலை. அவளோடு கடையைத் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் போகிற ஆள் கிடங்கிலேயே நான் ஒருவன்தான்.

"ஊர்ல உன்னக் கண்டா பேசிப் பேசியே பேஜார் பண்ணுவான்னு ஆளுங்க ஓடறாங்க இல்ல? அவளயும் அதே மாதிரி கடையத் தாண்டி ஓட வை" என்றாள் கொட்டகையிலேயே மூத்தவள்.

"நான் இன்னா பேசறது?"

"எப்பவும் பேசற பொய்தான். புதுசா இன்னா கீது உங்கிட்ட?"

உன் மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது என்று என் தலையில் என் கையையே வைத்துச் சத்தியம் வாங்கினார்கள். தெருவுக்குத் தெரிந்தால் கோலாருக்குத் தெரியும், கோலாருக்குத் தெரிந்தால் புருஷன் தடியோடு வருவான் என்ற பயம்.

குடை யோசனை மட்டும் முழுக்க என்னுடையது. கடை கிழக்குப் பக்கம் இருந்தது. கண்ணில் படாவிட்டால் மனசில் படாது என்பது என் கணக்கு. மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த கறுப்புக் குடையை விரித்து, கடையை மறைத்துப் பிடித்துக்கொண்டு அவளுக்கும் கடைக்கும் நடுவில் நடந்தேன்.

"கடைய மறைச்சுட்ட. சத்தத்த எப்டிரா மறைப்ப?" என்றாள் அக்கா.

அதற்கு நான் பாட ஆரம்பித்தேன். என் பாட்டுக்குப் பயந்து அவள் நிஜமாகவே வேகமாக நடந்தாள். முதல் நாளே வெற்றி.

பாட்டுச் சரக்கு தீர்ந்ததும் கதைக்கு வந்தேன். மதராஸிலிருந்து தோல் வாங்க வந்த துரை எங்கள் கிடங்கில் குழியில் விழுந்த கதை அவளுக்குப் பிடித்தது. பிடித்ததே என்று மறுநாளும் அதையே எடுத்தேன்.

"நேத்து சுண்ணாம்புக் குழியில விழுந்தான். இன்னிக்குப் பட்டைத் தொட்டியில விழறான். ஏதாவது ஒரு குழியில அவன நிம்மதியா இருக்கவுடுடா."

"வேற துரைக்கா இவன்."

"அப்போ இவனுக்கும் ஏன்டா அதே பூனைக்கண்ணு?"

இப்படி வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே முடுக்கைத் தாண்டிவிடுவோம். தாண்டியதும் அவள் பெருமூச்சு விடுவாள். நான் குடையை மடக்குவேன். அந்தச் சின்னச் சத்தம்தான் எங்களுக்கு அன்றைக்கு வேலை முடிந்ததற்கு மணி.

ஆனால் தினமும் கள்ளுக்கடை எதிரில் குடையோடு தென்படுகிறவனைப் பற்றி ஊர் சும்மா இருக்குமா? அது கள்ளுக்கடை மறியல் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தினார்.

"இன்னாய்யா, குடை புடிச்சு மறியல் பண்றது எந்த ஊர் வழக்கம்?"

"வெயிலுக்குங்க."

அவர் மேற்கே சூரியனைப் பார்த்தார், கிழக்கே குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போ, போ" என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டார். பைத்தியத்தைப் பிடித்து உள்ளே போட்டால் சோறு போடவேண்டியது சர்க்கார்தானே.

கடைக்காரன் வேறு விதமாகப் புரிந்துகொண்டான். ஆசை இருக்கிறது, உள்ளே வர வெட்கப்படுகிறேன் என்று நினைத்து ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "கூச்சப்படாத, மொத மொந்தை சும்மாவே தர்றேன்" என்றான். இதை என் மனைவியின் சித்தி பார்த்துவிட்டாள். அன்று இரவு வீட்டில் சோறு கொஞ்சம் கம்மியாகவும் பாத்திரச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகவும் இருந்தது.

"இன்னா, இன்னிக்கு நேரமாச்சு?"

"பட்டை வண்டி லேட்டு."

"வண்டி லேட்டா, தராசுக்காரன் லேட்டா?" என்று கேட்டுவிட்டு விளக்கை ஊதி அணைத்துவிட்டாள்.

ஆடி மாதம் காற்று வந்தது. பாலாற்று மணலை வாரி முகத்தில் வீசுகிற காற்று. கடைக்கு நேராக வரும்போது குடை அப்படியே மேல்நோக்கிக் கவிழ்ந்து, கையை உதறிக்கொண்டு ஆற்றுக்குள் பறந்தது. மாமனார் கொடுத்த குடை! நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் ஓடினேன். அது உருண்டது. நானும் உருண்டேன். ஆற்றில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கிறார்களே என்று, பிடித்த குடையை ஒருமுறை வேண்டுமென்றே விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தேன். என் புத்தி அப்படி.

திரும்பி வந்தபோது தெருவில் அக்கா இல்லை.

கம்பி முறிந்த குடையைச் செத்த காக்கையைப்போலக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு கடை எதிரில் நின்றேன். உள்ளே போய்க் கூப்பிடத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "போலாம்" என்றாள். அன்றைக்கு வீடு வரைக்கும் எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

மறுநாள் காலையில் உலக்கையைத் தொடுவதற்கு முன்னாலேயே கொட்டகையில் நின்று அவளே சொன்னாள். "நேத்து உள்ள போய்ட்டேன். குடிச்சுட்டேன். இவன் மேல தப்பில்ல, காத்து மேலயும் தப்பில்ல." வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அடி விழும் என்று காத்திருக்கிறவள் மாதிரி இருந்தது.

யாரும் ஏசவில்லை. மூத்தவள் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். செய்தி எப்படியோ திரைக்குப் பின்னால் போய், அங்கிருந்து குரல் வந்தது.

"அரே பேட்டி, எம் பொண்ணே, நேத்து போனது போச்சு. இன்னிக்குப் பாயா ஆறிப்போவுது, வந்து குடி."

அக்கா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே குடித்தாள். குடித்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி பீபிம்மா" என்றாள். "உன் கண்ணு தண்ணிதான் அதுல வுழுந்துச்சு, என்னைச் சொல்லாதே" என்று திரை பதில் சொன்னது. கொட்டகையே சிரித்தது. என் தண்டனையையும் அங்கேயே முடிவு செய்தார்கள். முறிந்த கம்பியைக் கட்டி, குடையை ஒரு தோல் வாரால் என் மணிக்கட்டோடு கட்டவேண்டியது. முடிச்சு போட்டவள் அக்கா. மாட்டுக்குப் போடுகிற முடிச்சு. வீட்டுக்குப் போய் அவிழ்க்கத் தெரியாமல் அன்றிலிருந்து குடையோடு சாப்பிட்டு, குடையோடு படுத்தேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காத நாட்களைத்தான் நான் பயத்தோடு நினைத்துப் பார்க்கிறேன்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கிடங்குக்கு லீவு நாள், காலையில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் போட்ட சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. பாட்டெடுக்கிறவள் பெற்றதல்லவா! அக்கா வீட்டு வாசலுக்கு ஓடினேன். அறைக்குப் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மாமியாருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

"தம்பி, கோடித் தெருவுல பிரசவ மருந்து சொல்லி வெச்சிருக்கேன். ஓடிப்போய் வாங்கியாந்துடு."

வாய்க்குத் துணி கட்டிய ஒரு மண் கலயத்தைக் கொடுத்தார்கள். மருந்து வெயில் படக்கூடாதே என்று அதற்குக் குடை பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தேன். அந்தக் குடையை நான் ஒழுங்காகப் பிடித்த ஒரே நாள் அதுதான். வழியில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். குழந்தை பிறந்த சேதி அதற்குள் பரவிவிட்டதே என்று நானும் சிரித்துக் கும்பிட்டேன். ஒருவர் கொஞ்ச தூரம் என் பின்னாலேயே வந்து, "எந்தக் கடைப்பா?" என்று கேட்டார். "கோடித் தெரு" என்றேன். "நல்லா கீதா?" என்றார். "பெத்தவங்களுக்கு ரொம்ப நல்லது" என்றேன்.

மாமியார் கலயத்திலிருந்து ஒரு சொம்பில் ஊற்றி, மிளகும் கருப்பட்டியும் தட்டிப் போட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

"இன்னாடா கொண்ணாந்த?"

"மருந்துக்கா."

"மோந்து பாத்தியா?"

"மூக்கு எங்கக்கா கீது எனக்கு?"

"சாராயம்டா அது."

மருமகள் கள்ளை விட்டது மாமியாருக்குத் தெரியும், சாராயமும் அதே வகைதான் என்பதுதான் புரியவில்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவள். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அப்படிக் கொடுப்பதுதான் அப்போது வழக்கமாம், எனக்குத்தான் தெரியாது.

"அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்? அது கள்ளு, இது மருந்து. இதக் குடிச்சுட்டுதான் நான் உன் புருசனப் பெத்த பொறகு எழுந்து நடந்தேன்" என்று சொம்போடு திரையை விலக்கப் போனாள்.

"அத்தே, உள்ள வராத!" அக்காவின் குரல் உடைந்தது. "டேய், ரெண்டு கையாலயும் புள்ளயப் புடிச்சுட்டு கீறேன். ஒரு கை ஒழிஞ்சா நீட்டிடுவேன். எடுத்துட்டுப் போடா. சீக்கிரம் போடா."

சொம்பை மாமியார் கையிலிருந்து பிடுங்கினேன். கீழே கொட்டப் போனேன்.

"ஐயையோ, பிரசவ மருந்தக் கீழ கொட்டினா பச்சப் புள்ளைக்கு ஆவாது!" என்று அவள் அலறினாள்.

உள்ளேயும் கொடுக்கக்கூடாது, கீழேயும் கொட்டக்கூடாது. மிச்சம் இருந்தது என் வாய் ஒன்றுதான். ஒரே மடக்காகக் குடித்தேன். அதுவரை கள்ளைக்கூட நாக்கில் வைக்காதவன். நெருப்பும் மிளகும் கருப்பட்டியும் ஒன்றாக இறங்கின. வந்த வீரத்தில் கலயத்தையும் தூக்கி அண்ணாந்தேன்.

அந்த நேரம் பார்த்து, குழந்தை பார்க்க ஒரு கூடைப் பூண்டோடு என் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

மணிக்கட்டில் குடை, வாயில் கலயம், மார்பெல்லாம் சாராயம். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஊரே சொல்லிச்சு. நான்தான் நம்பல" என்றாள்.

விளக்கமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "இது நான் குடிக்கல, புள்ளைக்காகக் குடிச்சது, மருந்து, எனக்கில்ல, எனக்கு மூக்கில்ல" என்று ஆரம்பித்து, துரை குழியில் விழுந்த கதையில் கொண்டுபோய் முடித்தேன். முடித்த கையோடு நானும் விழுந்தேன். குடை என்மேல் விரிந்துகொண்டது.

திரைக்குப் பின்னால் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ, வயிறு வலிக்குது, அவன நிறுத்துங்களேன்" என்று கெஞ்சிக் கெஞ்சிச் சிரித்தாள். பிறகு என் மனைவியை உள்ளே கூப்பிட்டாள். பங்குனியிலிருந்து நடந்த எல்லாவற்றையும் அவளே சொல்லியிருக்கிறாள். நான் குடைக்கு அடியில் கிடந்தபடி கேட்டேன். அதாவது, பாதி கேட்டேன், பாதி தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் தோல் வார் இல்லை. அந்த மாட்டு முடிச்சை அவள் அவிழ்த்திருந்தாள்.

"பொய் சொல்ல ஆள் வேணும்னா என்ன ஒரு வார்த்த கேட்டுருக்கலாம் இல்ல? உங்ககூட குடும்பம் நடத்தி எனக்கும்தான் பழக்கம்" என்றாள். திட்டுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சோறு கம்மியாக இல்லை.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான காலம் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். தூக்கமில்லை, புருஷன் பக்கத்தில் இல்லை, குழந்தை வீரிட்டு அழும், அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு தாயும் அழுவாள். சாயங்காலம் ஆனால் பழைய நடுக்கம் எட்டிப் பார்க்கும். அந்த வேளைக்குக் கொட்டகைப் பெண்கள் யாராவது ஒருத்தி வந்துவிடுவாள். என் மனைவி தினமும் போனாள். சாராயம் இல்லாமல் பால் சுரக்காது என்று முறைத்துக்கொண்டிருந்த மாமியார்கூட, பூண்டும் கருவாடும் பாயாவும் செய்த வேலையைப் பார்த்துவிட்டு, எல்லாம் தன் யோசனைதான் என்று தெருவில் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். நான் வாசலில் உட்கார்ந்து துரையைக் குழி குழியாகத் தள்ளினேன். உள்ளே இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். ஒருநாள் மூன்றாவதாக ஒரு சின்னச் சிரிப்பும் கேட்டது. அதற்குக் கதை புரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தை பிறந்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். கொட்டகை விட்டத்தில் தூளி கட்டி, பட்டை இடிக்கிற சத்தத்திலேயே குழந்தையைத் தூங்கவைத்தார்கள். சாயங்காலம் வழக்கம்போல அவளோடு கிளம்பினேன். அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். முடுக்கு நெருங்கியது. கடைக்குள்ளிருந்து சிரிப்பும் சத்தமும் வந்தன. யாரோ அவளைப் பழைய உரிமையில் கூப்பிட்டார்கள்.

கம்பி கட்டிய என் கறுப்புக் குடையைப் படாரென்று விரித்து, கிழக்குப் பக்கமாகப் பிடித்தேன். துரையைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி வாயைத் திறந்தேன்.

அக்கா கடைப் பக்கம் திரும்பவும் இல்லை, நடையை மாற்றவும் இல்லை. குழந்தையின் நெற்றியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"குடைய மடக்குடா, புள்ளைக்குக் காத்து வரல."